பதினோராவது வரிசை

என் மடிக்கணினி மூடியின் உட்புறத்தில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அம்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் அது நல்ல சிவப்பு என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். தோலில் கீறலோ தையல் விலகலோ கண்டால், அந்த இடத்தைக் காட்டி இப்படியொரு ஸ்டிக்கரை ஒட்டுவது எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வழக்கம். அதைத் தோலில் ஒட்டாமல் என் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டியவர் எங்கள் செக்கிங் அக்கா.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. வேலூரில் படிப்பை முடித்த கையோடு, அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்கு நான் ஒருவனே ராஜாவாக உட்கார்ந்திருந்தேன். அக்கா பேரணாம்பட்டு பஸ்ஸில் வருவார். பல வருடம் தையல் மெஷினில் குனிந்து தோள்பட்டை போய், அவரே கேட்டு வாங்கியது செக்கிங் வேலை. மூன்று மாதம் பார்க்கலாம் என்றுதான் கொடுத்திருந்தார்கள். பார்த்து முடித்த லாட்டுகளை, அதாவது ஷூத் தொகுதிகளை, நான் எழுதிய வலைப்பக்கத்தில் ‘பாஸ்’ பொத்தானை அழுத்தி அவர் பதிய வேண்டும். பதிந்தால்தான் பேக்கிங்காரர்கள் அந்த லாட்டைத் தொடுவார்கள்.

அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை. திறந்ததும் பத்து லாட்டுகள் தெரியும். ‘மேலும்’ என்பதை அழுத்தினால், பக்கம் ஒருமுறைகூட மின்னாமல் அடுத்த பத்தும் கீழே வந்து உட்காரும். எங்கள் ஊருக்கு அது பெரிய வித்தை. ஆனால் லாட்டுகள் பேக்கிங்குக்குப் போகாமல் தேங்க ஆரம்பித்தன. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “நான் எல்லாத்தையும் அழுத்திட்டேன் சார்” என்றார் அக்கா. “சிஸ்டம் சரியாத்தான் இருக்கு சார், அவங்க மறந்திருப்பாங்க” என்றேன் நான், ஒரு நொடிகூட யோசிக்காமல். “இன்னாமா, தினமும் ஒரே பேஜாரா கீது. திங்கக்கெழமலேர்ந்து பழையபடி தையல் லைனுக்கே போய்டு” என்று மேனேஜர் பேச்சை முடித்தார். அக்கா அழவில்லை. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ‘மேலும்’ அழுத்தினார். புதிதாக வந்த பதினோராவது வரிசையின் பொத்தானுக்கு நேராக, திரைமேல் அம்பை ஒட்டினார். “இங்க அழுத்திப் பாருங்க சார். நான் சாப்ட்டு வர்றேன்.”

அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பிழை என்றுகூட அது சொல்லவில்லை. பக்கம் திறக்கிற நேரத்தில் கண்ணெதிரே இருக்கும் பொத்தான்களிடம் மட்டும் போய், ‘உன்னை அழுத்தினால் இதைச் செய்’ என்று சொல்லிவிட்டு என் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓய்ந்துவிடுகிறது. பிறகு வந்தவற்றிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பார்க்க அதே பொத்தான், உள்ளே ஒன்றுமில்லை. சோதித்துப் பார்த்தபோது நான் போட்டிருந்ததோ எட்டே எட்டு லாட்டுகள்.

அவசரமாக ஓர் ஒட்டுப் போட்டேன். புதிய வரிசைகள் வரும்போதெல்லாம் எல்லாப் பொத்தான்களிடமும் மறுபடி சொல்லும்படி மாற்றினேன். இப்போது பழைய பொத்தான்கள் இரண்டு முறை கேட்டுக்கொண்டு, ஒரே லாட்டை இரண்டு தடவை பாஸ் செய்தன! மன்னிப்பாவது கேட்போம் என்று லைனுக்குப் போனேன்.

அக்கா ஓடும் பெல்ட்டின் கடைசியில், தன் செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் நான்கு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் தனியாகச் சொல்லிவைக்க அவர் எழுந்து போகவில்லை, போகவும் தேவையில்லை. யார் தைத்த ஷூவானாலும் பெல்ட்டில் அவரிடம்தான் வந்து சேரும். உள்ளே வைத்த துண்டுச் சீட்டில் தைத்தவரின் நம்பர் இருக்கும், அதைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடுவார். நான் மன்னிப்புக் கேட்க வந்ததையே மறந்து அறைக்கு ஓடினேன். பொத்தான்களை விட்டுவிட்டு, அவற்றைத் தாங்கி நிற்கும் அட்டவணையிடம் மட்டும் ஒரேயொரு முறை சொன்னேன். எந்த வரிசையில் அழுத்தினாலும் செய்தி மேலே ஏறி அதனிடம்தான் வரும், எங்கிருந்து வந்தது என்று அது பார்த்துக்கொள்ளும். பதினொன்று வேலை செய்தது. முப்பத்தெட்டும் வேலை செய்தது.

மேனேஜரிடம் அக்காவையும் அழைத்துக்கொண்டு போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். “லைனுக்குப் போவாணாம்மா, செக்கிங்லயே இரு” என்றார் அவர். வெளியே வந்ததும் அக்கா சிரித்தார். “மொதல்லயே ஒரு வாட்டி அழுத்திப் பாத்திருந்தா, ரெண்டு பேருக்கும் சோறு எறங்கியிருக்கும் சார்.”

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்தபோது, மூன்று பெல்ட்டுகளுக்கும் அவர்தான் செக்கிங் பொறுப்பு. திரையிலிருந்து பக்குவமாக உரித்து எடுத்த அம்பை என்னோடு கொண்டுவந்துவிட்டேன். இப்போது என்னிடம் சில இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். போன வாரம் ஒருவன், “ஒர்க் ஆகலன்னு கம்ப்ளைன்ட் சார், அவங்க சரியா அழுத்தியிருக்க மாட்டாங்க” என்று வந்து நின்றான். மடிக்கணினியைத் திறந்தேன், கண் அம்பின்மேல் போனது.

“எத்தனையாவது வரிசைன்னு அவங்களைக் கேட்டியா?” என்றேன்.