ஷரயு கப்சேயின் கட்டைவிரல்

ஷரயு கப்சே எம்.எஸ்ஸி.யில் பல்கலைக்கழகத்துக்கே முதலாவதாக வந்தவள். மகாராஷ்டிரத்து அம்பாஜோகாயில் பஸ் கண்டக்டராக இருந்த அவள் அப்பா, செய்தித்தாளில் வந்த மகளின் படத்தை வெட்டி டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏறியவர் இறங்கியவர் எல்லோருக்கும் காட்டினார். காட்டட்டுமே, பெற்றவருக்கு அந்த உரிமைகூட இல்லையா? ஆனால் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் அதுவரை ஒரு பிப்பெட்டைக் கையால் தொட்டதே இல்லை. அது செய்தித்தாளுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

மூலக்கூறு உயிரியலில் பிப்பெட் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பேனாவைவிடச் சற்றுத் தடிமனான கருவி. தலையில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டால், கடுகளவு திரவத்தை அளந்து உறிஞ்சிக்கொள்ளும். ஷரயுவின் கல்லூரியில் வேலை செய்யும் பிப்பெட் ஒன்றே ஒன்று இருந்தது. அதை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். செய்முறை வகுப்பன்று துறைத் தலைவர் அதைச் சாமி சிலையைப்போல வெளியே எடுப்பார், தானே அழுத்துவார், தானே துடைத்து உள்ளே வைப்பார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் படம் வரைவார்கள். ஷரயுவின் படம்தான் எப்போதும் முதல்.

புனேயில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் நாள், அவளுடைய வழிகாட்டி பெண்ட்சே மேடம் போகிற போக்கில் கேட்டார்: “பிப்பெட்லாம் பிடிப்பேல்ல?”

“பிடிப்பேன் மேடம்.”

முதல் மாணவி வேறென்ன சொல்வாள்? அந்த ஒற்றைப் பொய் பிறகு அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே என்ஸைம், அதாவது நொதி, எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை ஒரே முறையில் அளந்து காட்ட வேண்டும். சரியாக வந்தால் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பெயரையும் எண்ணையும் எழுதுவார்கள். அங்கே இருந்த பெயர்களுக்கு எதிரே எல்லாம் நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்தான் எண்கள். பெயர் சுவருக்கு வந்த பிறகுதான் சொந்த ஆராய்ச்சி.

ஷரயுவுக்கு வந்தது ஐம்பத்தெட்டு. மறுபடி செய்தாள், அறுபத்தொன்று. உப்புக் கரைசலைப் புதிதாகச் செய்தாள், தண்ணீரை மாற்றினாள், உட்காரும் இடத்தைக்கூட மாற்றிப் பார்த்தாள். நாற்பது பக்கமே வரமாட்டேன் என்றது அந்த எண்.

“கப்சே தாயி, சுவத்துல இடம் விட்டு வச்சிருக்கேன். பெருசா எழுதணுமா, சின்னதா எழுதணுமா?” என்று கேட்டான் அத்வைத் லேலே. ஆய்வகத்தின் மூத்த மாணவன். சதாசிவ பேட்டையில் பிறந்து வளர்ந்த அசல் புனேக்காரன். அந்த ஊர்க்காரர்களுக்கு நாக்கில் ஊசி வைத்தே அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவன் ஒட்டியிருந்த அறிவிப்பு இது: ‘இதற்குள் சாப்பாடு வைப்பவர்களின் சாப்பாடும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்படும்.’

“கிண்டல் பண்ணாதீங்க லேலே தாதா” என்றாள். மராட்டியில் தாதா என்றால் அண்ணன், தாயி என்றால் அக்கா.

“கிண்டல் இல்ல தாயி. சில பேருக்குக் கைராசி இருக்கும், சில பேருக்கு இருக்காது. அவ்ளோதான்.”

கைராசி! படித்துப் பட்டம் வாங்கி அறிவியல் பேசுகிறவர்கள்தான் இந்தச் சொல்லை அதிகம் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஷரயுவுக்கோ அது நெஞ்சில் போய்த் தைத்தது. அன்று மத்தியானம் சோள ரொட்டியான பாக்ரியும் மிளகாய்த் தெச்சாத் துவையலும் டப்பாவிலேயே கிடந்தன.

ஆடி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் மேடம் கூப்பிட்டார். “ஷரயு, கணபதி பண்டிகை வரைக்கும் பாரு. அதுக்குள்ள வரலேன்னா கம்ப்யூட்டர் பக்கம் மாத்தி விட்டுடறேன். நல்லா படிக்கிற பொண்ணு, அங்க ஜமாய்ச்சுடுவே. எல்லாருக்கும் கை வேலை வரணும்னு இல்ல.”

மேடம் நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் அதிகம் வலித்தது. வாழ்நாள் முழுக்கச் சுற்றி நின்று பார்த்தவள், கையால் செய்யவேண்டும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தாள்? இங்கேயும் பார்வையாளர் வரிசைக்கே அனுப்பினால் எப்படி?

சந்தேகப்பட வேறொன்றும் மிஞ்சாதபோது ஷரயு பிப்பெட்டைச் சந்தேகப்பட்டாள். அதைச் சோதிப்பது சுலபம். நூறு மைக்ரோலிட்டர் தண்ணீர் நூறு மில்லிகிராம் இருக்க வேண்டும். தராசின் மேல் சின்னக் கிண்ணத்தை வைத்து, நூறு அளவு தண்ணீர் விட்டாள். நூற்று இருபத்தெட்டு என்றது தராசு. மறுபடியும் விட்டாள், நூற்று இருபத்தெட்டு. இன்னொரு முறையும் அதேதான்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “லேலே தாதா! என் கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க பிப்பெட்தான் கெட்டுப் போச்சு!” என்று ஆய்வகமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கணினி முன் இருந்த பெண்ட்சே மேடமும் எழுந்து வந்தார்.

லேலே அதே பிப்பெட்டை வாங்கி, அதே தண்ணீரை விட்டான். நூறு. மறுபடி, தொண்ணூற்றொன்பது. அப்புறம் நூற்றொன்று.

“பிப்பெட்டுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. உனக்கு எப்படி?”

யாரோ சிரித்தார்கள். ஷரயு சிரிக்கவில்லை. அவள் கண் லேலேயின் கட்டைவிரல்மேல் இருந்தது. பொத்தானை அழுத்தும்போது அவன் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. தண்ணீரை வெளியே தள்ளும்போது மட்டும் அதற்கும் கீழே, அடிவரை போனது. இவளோ உறிஞ்சும்போதே அடிவரை அழுத்திக்கொண்டிருந்தாள். பொத்தான் இரண்டு இடத்தில் நிற்கும் என்பதைப் படத்தில் எப்படி வரைவது? தொட்டுப் பார்த்தவனுக்குத்தானே விரல் சொல்லும்.

‘கை நடுங்கிடுச்சு’ என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். விரலைத் திருத்திக்கொண்டு கமுக்கமாக இருந்திருக்கலாம். ஷரயு நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள்.

“மேடம், நான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். இங்க வர்றதுக்கு முன்னாடி நான் பிப்பெட்டைத் தொட்டதே இல்ல. எங்க காலேஜ்ல யாருமே தொட்டதில்ல. இத்தனை நாளும் தப்பாத்தான் அழுத்திக்கிட்டு இருந்திருக்கேன்.”

மேடம் தராசின் பக்கம் போனார்.

“இன்னொரு தடவை பண்ணு. உன் மாதிரியே, தப்பாவே பண்ணு.”

நூற்று இருபத்தெட்டு.

“இன்னொண்ணு.”

நூற்று இருபத்தெட்டு.

மேடம் லேலேயின் பக்கம் திரும்பினார். “உனக்கு என்னென்ன வந்துச்சு?”

“நூறு, தொண்ணூத்தொம்போது, நூத்தியொண்ணு…” என்று இழுத்தவன் சட்டென்று நிறுத்தினான். விஷயம் பிடிபட்டுவிட்டது. “அடேங்கப்பா! என் கைகூட ஆடுது மேடம். இவளுக்கு ஒரு பொட்டு அசையல.”

“அசையலதானே?” என்றார் மேடம். “அழுத்தற இடத்தை இப்பவே மாத்திக்கலாம். இந்த நிதானத்தை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்து வர வச்சதில்ல. ஷரயு, நீ கம்ப்யூட்டர் பக்கம் போனா எனக்குத்தான் நஷ்டம்.”

ஷரயுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிண்ணத்தில் கண்ணீர் விழுந்தால் எடை ஏறிவிடுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரத்திலும் அந்த யோசனை வந்தது பாருங்கள், அவள்தான் அசல் ஆய்வகக்காரி.

விரலைத் திருத்தியபின் தராசு அவளுக்கு நூறு காட்டியது, காட்டிக்கொண்டே இருந்தது. கணபதியை வீட்டுக்கு அழைத்துவர ஊரே தாரை தப்பட்டையோடு தெருவில் இறங்கும் முன்பே, அவள் என்ஸைமும் வழிக்கு வந்தது. நாற்பத்தொன்று. லேலே ஸ்டூலில் ஏறி, யாரும் கேட்காமலே பெரிய எழுத்தில் எழுதினான். கையோடு தராசுக்கு மேலே ஒரு புது அறிவிப்பும் ஒட்டினான்: ‘புதியவர்கள் முதலில் தண்ணீரை நிறுக்கவும். எல்லாம் தெரியும் என்பவர்கள் இரண்டு முறை நிறுக்கவும்.’

அன்று அம்ருத்துல்யா டீக்கடையில் எல்லோருக்கும் ஷரயுவே டீ வாங்கிக் கொடுத்தாள். பிறகு ஒதுங்கி நின்று வீட்டுக்கு போன் போட்டாள்.

“அம்மா, தண்ணி அளக்கக் கத்துக்கிட்டேன்.”

“ஏண்டி, அதுக்கா புனே வரைக்கும் போனே?”

“ஆமாம்மா. அதுக்குத்தான் வந்தேன்.”

சுவரில் பெயர் ஏறிய கதையைக் கேட்டதும் அப்பா போனைப் பிடுங்கி, அந்தச் சுவரின் புகைப்படத்தை அனுப்பச் சொன்னார். இப்போது அவருடைய டிக்கெட் பையில் செய்தித்தாள் படம் இல்லை, அந்தச் சுவர்தான் இருக்கிறது. ‘கப்சே, நாற்பத்தொன்று’ என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அது என்ன கணக்கு என்று கேட்கும் பயணிகளிடம் அவர் சொல்கிறார்:

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. ஆனா சரியா வந்திருக்கு. எம் பொண்ணு தன் கையால கொண்டு வந்தது.”