எர்த் பின்னைத் திரும்ப வைத்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் இருக்கும் எங்கள் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு ஆம்ப்ளிபயரைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பிலோமினாவின் தம்பி பேசினார். காலையில் காபி போட எழுந்த பிலோமினா அடுப்படியிலேயே விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது என்றார். ஒரு காதில் ரிசீவர், மறு காதில் சிடி பாட்டு. பாட்டை நான் நிறுத்தவில்லை. வாடிக்கையாளர் செட்டை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

எனக்கு உருகி எழுத வராது. மறுநாள் சாந்தோமில் அடக்கத்துக்கு வந்த எங்கள் பழைய வாடிக்கையாளர், மயிலாப்பூர் வீணை மாமி ஒரு வார்த்தை சொன்னார். அதைத் திருத்த வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். "நல்லவ, பாவம். அந்த எர்த் பின்னை அறுத்தாளே, அது ஒண்ணுதான் அவ பண்ணின தப்பு." நான் தலையாட்டி வைத்தேன். அறுத்தது பிலோமினா இல்லை, நான்.

பிலோமினா எங்கள் கடையின் டெக்னீஷியன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் பல வீடுகளில் அவர் பெயர் தெரியாது. 'சத்தம் எடுக்கிற அம்மா' என்றால் தெரியும். ஐந்தாறு வருடங்களுக்கு முன் கேபிள் டிவியும் சிடி பிளேயரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வீடுகளுக்குள் வந்தன. கேசட்டில் இரைச்சல் உண்டு, சிடியில் துளிகூட இராது என்று சொல்லித்தான் நான் விற்றேன். வாங்கியவர்கள் டிவி சத்தமும் அதே ஸ்பீக்கரில் வரட்டும் என்று ஆம்ப்ளிபயரோடு இணைத்தார்கள். கேபிளைச் செருகிய கணமே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பியது. சிடி சுத்தமாக இருந்ததால் அது இன்னும் நன்றாகவே கேட்டது.

"ஒரே ஒயரு நாப்பது மொட்டமாடி தாண்டி வருது சேகரு. தெருவே ஒரே கொடியில துணி காயப் போட்டா மாதிரி. எவன் வூட்டு அழுக்குத் தண்ணியும் நம்ம துணி மேல சொட்டும்" என்பார் பிலோமினா. அழுக்கு எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்க்க மாடி மாடியாக ஏறுவார். ஒரு வீட்டுக்கு அரை நாள் ஆகும்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வீணை மாமி வீட்டுக்கு நான் தனியாகப் போயிருந்தபோது, "இந்த முனகல் இருந்தா ஆத்துல தம்புராவே வேண்டாம்போல இருக்கு. ஆனா என் ஸ்ருதியோட சேரமாட்டேங்கறதே. பெட்டிய எடுத்துண்டு போயிடு" என்றார். ஆம்ப்ளிபயரின் பிளக்கில் மேலே தடித்து நிற்குமே, எர்த் பின், அதை மாமி உள்ளே போன நேரத்தில் ஹாக்சா பிளேடால் அறுத்துவிட்டுத் திரும்பச் செருகினேன். கேபிளில் வந்த அழுக்குக் கரண்ட் எர்த்தில் இறங்க வழியில்லாமல் முனகல் நின்றது. மாமி பில்டர் காபி கொடுத்தார். பெட்டியில் கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்றுவது அந்தப் பின்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடுத்தடுத்த வீடுகளிலும் அறுத்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அடையாறிலிருந்து புகார் வந்தது. ஊரூர் குப்பத்திலிருந்து அந்த வீட்டுக்கு வேலைக்கு வரும் தனம் என்கிற பெண், ஈரத்துணியோடு ஆம்ப்ளிபயரைத் தொட்டுத் தூக்கியெறியப்பட்டிருந்தார். உயிர் பிழைத்தார், மணிக்கட்டு முறிந்தது. "இன்னா பொட்டிமா இது, நாய் மாதிரி கவ்வுது" என்று பிலோமினாவிடம் கட்டுக் கையைக் காட்டியிருக்கிறார்.

பிலோமினா அந்தப் பிளக்கைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். வீட்டுக்காரரே அறுத்திருப்பார் என்றேன்.

"சாய்ச்சு அறுக்கறவன் நீ ஒருத்தந்தான். எத்தினி வூடு?"

"பத்தொன்பது."

"எழுதிக் குடு."

நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பை நிறைய புதுப் பிளக்குகளோடு ஒவ்வொரு வீடாகப் போனார். பின்னை வைத்ததும் முனகல் திரும்பி வந்தது. சத்தம் எடுக்கிற அம்மா சத்தத்தைக் கொண்டுவந்தால் யார் சும்மா இருப்பார்கள்? நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டாயே என்று வீணை மாமி சத்தம் போட்டதற்கு, "அது அப்பவே கெட்டுப் போச்சு மாமி. இப்பத்தான் காதுல கேக்குது" என்றாராம். கேபிள் வந்த பிறகு மாடிகளில் சும்மா துருப்பிடித்து நின்ற பழைய ஆண்டெனாக்களிலிருந்து சின்ன இணைப்புப் பெட்டிகளைக் கழற்றிச் சேர்த்தார். இரண்டு இரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி கேபிளின் நடுவே பொருத்தினார். படம் தாண்டியது, அழுக்குக் கரண்ட் தாண்டவில்லை. எர்த் பின் இருக்கும்போதே முனகல் அடங்கியது.

நான் ஒரு ஞாயிறுகூட அவரோடு போகவில்லை. போன இடமெல்லாம், கடையில் வைத்துப் பின்னை அறுத்து, விஷயம் சொல்லாமல் என்னிடம் அந்தப் பிளக்கைக் கொடுத்தனுப்பியது தான்தான் என்று அவர் சொல்லி மன்னிப்புக் கேட்டதை ஒரு வாடிக்கையாளர் போனில் கத்தியபோதுதான் தெரிந்துகொண்டேன். ஏன் அக்கா என்றேன்.

"உம் பேரச் சொன்னா அடுத்த தபா உனுக்குக் கதவத் தொறப்பாங்களா? நீ வித்தாத்தான் கட ஓடும். போயி வேலயப் பாரு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்ததும் அவர் தம்பி ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தார். என் கையெழுத்தில் பத்தொன்பது பெயர்கள். பதினேழுக்கு டிக் இருந்தது. மீதி இரண்டு பேரும் வீடு மாறிப் போனவர்கள். அந்தப் பெயர்களுக்கு எதிரே பிலோமினாவின் கையெழுத்தில், தேதியோடு: 'வடபழனி டிப்போ பின்னாடி, மூணு தெரு பாத்தாச்சு, இல்லை.' 'வேளச்சேரி, ஏரிப் பக்கம் கேக்கணும்.' இந்த வருடம்வரை தேடியிருக்கிறார். நான் அந்தப் பெயர்களை மறந்தே போயிருந்தேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் காகிதம்தான். இந்த ஞாயிறு வேளச்சேரிக்குப் போகிறேன். அந்த இரண்டு வீட்டுக்காரர்களில் யாராவது இதைப் படித்தால், சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு ஆம்ப்ளிபயரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மேலே தடித்த பின் இல்லாமல் சாய்வாக அறுபட்டிருந்தால் திரும்பச் செருகாதீர்கள். கடைக்குச் சொல்லி அனுப்புங்கள். அறுத்தவனே வருகிறேன்.