மட்டக்குதிரைக்கு வீடு பார்த்தோம்

என் மகளுக்கு ஏழு வயதாகும்போது அந்த மட்டக்குதிரை எங்கள் வீட்டுக்கு வந்தது. குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். இவள் அடம்பிடித்தாள், வாங்கிவிட்டோம். லாஸ்பேட்டையில் வீட்டை ஒட்டிய காலிமனையில் தகரக் கொட்டகை போட்டுக் கட்டினோம். இப்போது இவளுக்குப் பதினாறு. ஏறி உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத குறைதான். குதிரைக்கு இருபது வயது இருக்கும்.

சும்மாவே கட்டிப்போட்டால் மூட்டு பிடித்துக்கொள்ளும், சின்னப் பிள்ளைகள் தினமும் கொஞ்ச நேரம் ஏறினால் இன்னும் சில வருஷம் நன்றாக இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தவள் நான். அன்றிலிருந்து மகள் என்னோடு பேசவில்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மட்டும் என்று தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போட்டேன். அலுவலகத்தில் கிண்டலுக்குக் குறைவில்லை. "பொண்ணுக்குக்கூட இவ்ளோ வரன் பாக்க மாட்டீங்க போலருக்கே" என்றார் பக்கத்து மேசைக்காரர். ஒருவர் போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் வந்தார். நெல்லித்தோப்பிலிருந்து வந்தவர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். பேண்டு, பட்டாசு என்று அவர் சொன்னதுமே, பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எங்கள் குதிரைக்கு வலது கண் தெரியாது. புரை விழுந்து இரண்டு வருஷமாகிறது.

கடைசியில் சேதராப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்குக் கம்பெனியில் ஷிப்டு வேலை. ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பெண்கள், ஞாயிறுதோறும் குதிரைப் பயிற்சிக்குப் போகிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த கொட்டகை காலியாக இருக்கிறதாம். சின்னவள் வந்ததும் வராததுமாக உள்ளங்கையை நீட்டிக் குதிரைக்கு முகரக் கொடுத்தாள். இதுதான் வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண் விஷயத்தைச் சொன்னால் கை நழுவிப் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். குதிரையின் வலப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி முன்கூட்டியே நிறுத்தி வைத்ததும் நான்தான். என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"எப்ப கூட்டிட்டுப் போலாம் மேடம்?" என்று காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார் அந்தப் பெண்களின் அப்பா. அத்தனை நாள் வாய் திறக்காத என் மகள் அப்போது திறந்தாள்.

"அங்கிள், அதுக்கு வலது கண்ணு தெரியாது. அந்தப் பக்கமா சத்தமில்லாம போனா பயந்து உதைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். "யோசிச்சிட்டு சொல்றோம் மேடம்" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேட்டைச் சாத்தியதும் கத்தினேன். "ஒனக்கு அது இங்கயே கெடக்கணும். அதான் வந்தத கெடுத்துட்ட!"

"தெரியாம அந்தப் புள்ளைங்க கிட்ட போயி ஒதை வாங்கியிருந்தா? ஒரே ஒரு ஒதைம்மா. அப்புறம் அத எங்க தள்ளி விடுவாங்கன்னு நீயே சொல்லு."

ஊர்வலக்காரர் மறுபடி போன் செய்தபோது எடுக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் மகள்மேல் கோபம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது வெட்கம்.

நாலாம் நாள் சேதராப்பட்டுக்காரர் கூப்பிட்டார். "ரெண்டும் வீட்ல ஒரே ரகளை மேடம். ஒருத்தி வலது கண்ண துணியால கட்டிக்கிட்டு கொட்டாயில நிக்கிறா. இன்னொருத்தி 'நான்தான் வரேன், நான்தான் வரேன்'னு சொல்லிக்கிட்டே அந்தப் பக்கமா வரா. மூணு நாளா இதே வேலை. குதிரைய எடுத்துக்குறோம். ஆனா வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

பல் தேய்ந்திருப்பது, கொள்ளை ஊறவைத்து நசுக்கித்தான் கொடுக்க வேண்டும் என்பது, இடி இடித்தால் நடுங்குவது என்று கேட்டதற்கு மேலேயே ஒப்பித்தேன். மகள் பக்கத்தில் நின்று, நான் விட்டதை எடுத்துக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டி யானை வண்டியில் வைக்கோல் பரப்பிக் குதிரையைக் கொண்டுபோய் இறக்கினோம். குட்டி யானையில் குதிரையா என்று டிரைவருக்கே சிரிப்பு. பெரியவள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, சின்னவள் ஏறி உட்கார்ந்தாள். கொட்டகையைச் சுற்றி இரண்டு சுற்று வந்தார்கள். இந்த ஒரு வருஷத்தில் அது அவ்வளவு தாராளமாக நடந்து நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. வலிக்கவும் வலித்தது.

கிளம்பும் நேரம், கழுத்தை ஒருமுறை தடவிவிட்டு வரலாம் என்று நின்ற இடத்திலிருந்து நேராகப் போனேன்.

"ஆன்ட்டி, நில்லுங்க!" என்று சின்னவள் குதிரைமேல் இருந்தபடியே அதட்டினாள். "அந்தப் பக்கம் அதுக்குத் தெரியாது. கொரல் குடுத்துட்டு வாங்க."

ஆறு வயதுக் குழந்தை சொன்னதில் தப்பே இல்லை. இனி அது அவளுடைய குதிரை. கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் நின்றிருந்த என் மகள் எனக்கும் சேர்த்துக் கூப்பிட்டாள். குதிரையின் காது எங்கள் பக்கம் திரும்பிய பிறகு, என் கையைப் பிடித்து அதனிடம் கூட்டிக்கொண்டு போனாள்.