முன்விளக்கில் சிக்கிய செருப்பு

கேதீஸ்வரியின் கணவன் நிலோஜன் கதிரவெளியிலிருந்து ஆரையம்பதிக்கு மீன் லொறி ஓட்டுபவன். கார்கள் ஒன்றையொன்று துரத்தும் படங்கள் என்றால் அவனுக்கு உயிர். சாப்பிடும்போதும் போனில் அதுதான் ஓடும். வாவியோரத் தெருவில் அவனும் அப்படித்தான் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவன் வீடு வந்து சேரும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள்.

அன்று பின்னேரம் வழக்கத்தைவிட முந்தியே வந்துவிட்டான். லொறியின் முன்விளக்கு நொறுங்கியிருந்தது.

"என்ன நடந்த?"

"ஆடொண்டு குறுக்கால வந்திட்டு," என்றபடி அதைக் கழுவ வாளியைத் தூக்கினான்.

உடைந்த விளக்குக்குள் ரப்பர் செருப்பொன்று சிக்கியிருந்ததை அவள் கண்டாள். வாளியைப் பறித்துக் கவிழ்த்தாள்.

"எந்த இடத்தில?"

"பாலத்தடியில. நான் திரும்பிப் பாக்கல்ல."

ஆள் இன்னும் உயிரோடு கிடக்கலாம். அவன் லொறியைக் கிளப்பிக்கொண்டு போகாதபடி திறப்பைப் பிடுங்கிக்கொண்டு, அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தபடியே அவள் பொலிஸ் நிலையத்தை நோக்கி ஓடினாள்.