கண்மாய்க்கரையில் தங்கிய பஸ்

தவசிமுத்து அண்ணாச்சி எண்பத்து நாலு தேர்தலில் சுயேச்சையாக நின்று முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் காரில் வந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்து, கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். அவருடைய பழைய ஜீப்பை நான்தான் ஓட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடியில் ஓர் அறை பிடித்திருந்தோம். காலையில் ஆண்டாள் தாயாரைக் கும்பிட்டுவிட்டு அண்ணாச்சி வந்து உட்கார்ந்தால், மனுக்காரர்கள் படிக்கட்டு வரைக்கும் நிற்பார்கள். வரப்புச் சண்டை என்று இரண்டு பேர் வந்தால் இருவரையும் கடைசி வரை பேசவிடுவார். பிறகு, “ரெண்டு பேரு பக்கமும் நியாயம் இருக்குய்யா” என்பார். வன்னியம்பட்டிக்காரர் ஒருத்தர் ஒருநாள், “அப்ப அந்த வரப்ப நீங்களே எடுத்துக்கோங்க அண்ணாச்சி. எங்க ரெண்டு பேருக்கும் வேணாம்” என்றார். அறையே சிரித்தது. அண்ணாச்சியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். யாரையும் நோகடிக்காத மனுசர். கடவுள் அவரை அப்படிப் படைத்திருந்தார்.

அந்தக் குணம்தான் பஸ் விஷயத்தில் அவரைச் சிக்கலில் கொண்டுபோய் விட்டது.

கூமாப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் ஊர் வாகைக்குளம். அண்ணாச்சிக்கும் அதுதான் ஊர். தாயில்லாத பிள்ளையை அங்கேதான் அவருடைய அக்கா பிச்சையம்மாள் வளர்த்து ஆளாக்கினார். பக்கத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம், ஊத்துப்பாறை. இரண்டு ஊருக்கும் போகிற பாதை கண்மாய்க்கரையில் பிரியும். இரண்டு ஊரிலும் ராஜபாளையம் மில்லுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டுமானால், ராத்திரி ஊரில் தங்கிவிட்டு விடியுமுன் கிளம்புகிற பஸ் வேண்டும். அண்ணாச்சி மூன்று வருஷம் நடையாய் நடந்து எண்பத்தேழில் அந்தப் பஸ்ஸை வாங்கிவிட்டார். ஒரே ஒரு பஸ். இரண்டு ஊருக்குள்ளும் போய்த் திரும்பினால் ஷிப்டுக்கு நேரமாகிவிடும், ஏதாவது ஓர் ஊரைச் சொல்லுங்கள் என்று போக்குவரத்துக் கழக ஆபீசில் கண்டிப்பாகச் சொன்னார்கள்.

அண்ணாச்சியால் சொல்ல முடியவில்லை. வாரத்துக்கு ஓர் ஊர் என்று மாற்றி வைக்கலாம் என்றார். முதல் வாரம் எந்த ஊர் என்பதிலேயே கைகலப்பு ஆனது. கடைசியில், இரண்டு ஊருக்கும் நடுவில் கண்மாய்க்கரையில் பஸ் தங்கட்டும் என்று முடிவு சொல்லிவிட்டார்.

அங்கே வீடு கிடையாது, விளக்கு கிடையாது. நாலாம் நாளே டிரைவர் பால்சாமி மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, மலையில இருந்து கொம்பன் யானை எறங்கி வந்து கண்ணாடிய மோந்து பாக்குது. நான் புள்ள குட்டிக்காரன். வேற ஆளப் பாத்துக்கோங்க.”

டிரைவர் போனால் பஸ்ஸும் போய்விடும். அண்ணாச்சி அன்று சாயங்காலமே ஒரு ஜமுக்காளத்தையும் டார்ச் லைட்டையும் எடுத்து ஜீப்பில் போட்டார். “நானும் அவிய கூடப் படுத்துக்கிடுதேன். எம்எல்ஏவத் தாண்டித்தான யானை டிரைவருகிட்ட வரணும்?” என்றார். அய்யனாரை வேண்டிக்கொண்டு நானும் போனேன்.

விடியக்காலம் ஊத்துப்பாறைப் பக்கமிருந்து ஓர் அரிக்கேன் விளக்கு ஆடி ஆடி வந்தது. பின்னாலேயே இருபது, இருபத்தைந்து பெண்கள். ரோட்டோடு பாலம் சுற்றி வந்தால் நாலு மைல் என்று குறுக்கே ஓடையில் இறங்கி வந்திருந்தார்கள். மழைக்காலம், இடுப்பளவு தண்ணீர். நனைந்த சேலையைப் பிழிந்தபடி கரை ஏறினார்கள். வாகைக்குளத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்கள் மெட்டல் ரோட்டில் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கால் நனையாமல்.

விளக்கைப் பிடித்து முன்னால் வந்த சீனியம்மாள் பஸ்ஸுக்குள் டார்ச் வெளிச்சத்தில் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டாள்.

“என்ன எம்எல்ஏ, நடுவுல படுத்துக் கெடக்கீக? எந்தப் பக்கம் பொரண்டு படுக்கலாம்னு யோசனையா?”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. “தெனமும் இப்படியாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல. யானை நின்னா செத்த நேரம் அங்கனயே நின்னு, பொறவு வருவோம்.”

ஒன்பது நாள் அங்கேயே படுத்திருந்தார். பத்தாம் நாள் ஆபீசுக்குப் போய், பஸ் ஊத்துப்பாறையில் தங்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வாகைக்குளத்துக்குள் ஜீப் நுழைந்தபோது பிச்சையம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஏலே தவசி, இந்த ஊரு கஞ்சியக் குடிச்சுத்தான வளந்தே? கூடப்பொறந்தவ ஊருக்கு ஒரு பஸ்ஸு விட ஒனக்கு ஏலல, இல்ல?”

“அக்கா, நம்மாளுக சைக்கிள்ல வந்திருதாக. அந்தப் பொம்பளையாளுக…”

“ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கும்பியே, அதச் சொல்லேன் இப்ப.”

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எண்பத்தொன்பது தேர்தலில் வாகைக்குளத்தில் அண்ணாச்சிக்கு விழுந்தது பதினோரு ஓட்டு. தோற்றது இருநூற்றுப் பத்து ஓட்டில். எங்கள் ஊர் முன்பு போலவே போட்டிருந்தால் ஜெயித்திருப்பார். ஜீப்பை விற்றார். மாடி அறையைக் காலி செய்தார். ஊரை மட்டும் விட்டுப் போகவில்லை. அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளியே இருந்தார். தெருவில் எதிரே வந்தால் அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கிப் போவார். “தோத்தது பெருசில்லடே. அவ மொகத்தத் திருப்பிக்கிடுதாளே, அதான்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

தொண்ணூற்று நாலு மார்கழியில் ஒருநாள், நானும் அண்ணாச்சியும் அந்த முதல் பஸ்ஸைப் பிடிக்கக் கண்மாய்க்கரைக்கு நடந்தோம். எங்களுக்கு முன்னால் பிச்சையம்மாள் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஆண்டாள் கோயிலுக்கு. அதுவரை அவர் அந்தப் பஸ்ஸில் காலை வைத்ததில்லை. முட்டுவலி வந்து, கூமாப்பட்டி வரை நடந்து வேறு பஸ் பிடிக்க முடியாமல் கிளம்பியிருந்தார்.

பஸ் ஊத்துப்பாறையிலிருந்து நிறைந்து வந்தது. முழுக்கப் பெண்கள். சீனியம்மாள் எழுந்து, “ஆச்சி, இங்கன உக்காருங்க” என்று இடம் கொடுத்தாள்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். “இத்தன பேரும் எங்கட்டிப் போறீக?”

“மில்லுக்குத்தான் ஆச்சி.”

“பஸ்ஸு ஊருக்குள்ள வாரதுக்கு முந்தி?”

“ஓடையில எறங்கித்தான். எம்மவ வயித்துல இருக்கையில இந்த இடுப்புக்குத் தண்ணி. ஒங்க தம்பி பாத்தாக.”

அக்கா, முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சியின் தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. கண்டக்டர் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

“ரெண்டு எடு.”

“இன்னொண்ணு யாருக்கு ஆச்சி?”

“அந்தா நிக்கானே, எந்தம்பி. அவனுக்கு.”

அண்ணாச்சிக்குக் கேட்டுவிட்டது. ஆனாலும் திரும்பவில்லை. தோள்துண்டை எடுத்து முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது அக்கா படியில் நின்று கையை நீட்டினார்.

“பிடிலே. முட்டு வலிக்கி.”