கீழே ஓட வைத்த சைரன்

வராத ஆபத்துக்காகச் சம்பளம் வாங்குவதும், அது வந்த அன்று எல்லாரிடமும் ஏச்சு வாங்குவதும்தான் எங்கள் உத்தியோகம். தொண்ணூறுகளில் தெற்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் அவசரகாலத் திட்டப் பிரிவில் இருந்தேன். வெள்ளம், புயல், பனி எல்லாம் எங்கள் தலையில். ஒழுங்காக வேலை செய்தும் ஒருவரும் மதிப்பதில்லை என்ற குறை உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள்.

ஆறென்று ஒன்று

ஆறென்று சொல்ல ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்த என்னைத்தான் ஆற்றுக்குக் காவல் வைத்தார்கள். விம்பிள்டன் பக்கம் ஓடும் சின்ன ஆறு அது. சாதாரண நாளில் முழங்கால் நனையாது. ஆனால் அடைமழை பிடித்துவிட்டால் கரையோரத் தெருக்களில் நிலத்துக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்குள் முதலில் புகுந்துவிடும். அந்த வீடுகளில் வாடகை குறைவு. ஆகவே எங்கள் சனமும் அங்கே அதிகம்.

வீடு வீடாகப் போய் எச்சரிப்பதென்று கிளம்பினேன். முதலில் மூலைக்கடை. மன்னாரிலிருந்து வந்த சூசை அண்ணையின் கடை அது. சாமான்களை மேல்தட்டில் ஏற்றி வையுங்கள் என்றேன். அவர் என்னைக் கடையின் பின்பக்கம் கூட்டிப் போய் ஆற்றைக் காட்டினார். “தம்பி, எங்கட அருவியாறு பெருகினால் மாடு மிதந்து வரும். இதிலை சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியே அசையாமல் கிடக்குது.”

ஒத்திகை

பள்ளிக்கூடக் கூரையில் இருந்த வெள்ளச் சைரனை ஒருநாள் ஊதிப் பார்த்தோம். நான் தெருவில் நின்று பார்த்தேன். வெள்ளைக்காரர் யன்னலைத் திறந்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மூடிக்கொண்டார்கள். எங்கள் சனத்தில் ஒருவரான சிவமலர் அக்காவின் நிலக்கீழ் வீட்டில் மட்டும் கதவு திறந்து கிடந்தது, குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆளைக் காணவில்லை. கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

தமிழில் கூப்பிட்ட பிறகுதான் நடைபாதைக்கு அடியில் இருந்த பழைய நிலக்கரி அறையிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் அணைத்தபடி வெளியே வந்தார். அந்த வீட்டிலேயே ஆகப் பள்ளமான இடம் அது. உண்மையான வெள்ளமாக இருந்தால் மூன்று பேரும் அங்கேயே முடிந்திருப்பார்கள். இந்தச் சத்தம் கேட்டால் மேலே ஓட வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “விளங்குது தம்பி. ஆனால் ஊரிலை குண்டு போட பொம்மர் பதியிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டால் கால் பங்கருக்குத்தான் போகும், என்னட்டைக் கேக்காது.”

கூட்டம்

இதை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். என் மேலதிகாரி கொலின் நல்ல மனிதர்தான். ஆனால் எழுதி முடித்த திட்டத்தில் ஒரு கமாவை மாற்றுவதென்றாலும் அவருக்குக் காய்ச்சல் வரும். வேறு சத்தம் வைக்கலாமா என்று கேட்டதற்கு, சைரன் எல்லாருக்கும் பொது, உங்கள் ஆட்களுக்கென்று தனிச் சத்தம் வைக்க முடியாது என்றார். அடுத்த கூட்டத்திலும் கேட்டேன், அதற்கடுத்ததிலும் கேட்டேன். நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று பேசினேன்.

கடைசியில் அந்தத் தெருச் சனத்துக்கு ஒரு கூட்டம் வைத்தோம். சிவமலர் அக்காவுக்கு மேல்வீட்டில் தனியாக இருந்த மிஸிஸ் பார்க்கர், குப்பைத்தொட்டியைப் பற்றி முறையிட வந்திருந்தார். சிறு வயதில் லண்டனில் ஜெர்மன் குண்டுகளைக் கண்டவர். கொலின் அங்கேயும் ‘உங்கள் ஆட்கள்’ என்று சொன்னது காதில் விழுந்ததும் எழுந்து நின்றார். “அந்தச் சத்தம் கேட்டால் நானும் இன்றுவரை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுமாரிக்குள்தான் ஓடுகிறேன். நான் யாருடைய ஆள், கொலின்?”

பழம்

சைரனை மாற்றக் கொலின் சம்மதிக்கவில்லை. ஆனால் சைரன் ஊதினால் மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும் என்று திட்டத்தில் சேர்த்தார். எங்கள் சனம் இருந்த வீடுகளின் மேல்வீட்டுக்காரர்களுக்கெல்லாம் நான் போய் ‘மேலை வாங்கோ’ என்று சொல்லக் கற்றுக் கொடுத்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம் ஆறு உண்மையாகவே கரையை உடைத்தது. சைரன் ஊதியது. எங்கள் கவுன்சில் வான் வண்டி தண்ணீரில் நின்றுவிட, இறங்கி நடந்தேன். வழியெல்லாம் அந்த நிலக்கரி அறைதான் கண்ணுக்குள் நின்றது. சிவமலர் அக்காவின் வீட்டில் தொடையளவு தண்ணீர். அறைக் கதவு திறந்து கிடந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

பிறகு மேலே பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மிஸிஸ் பார்க்கரின் சோபாவில் மூன்று பேரும் போர்வைக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கால் இந்த முறையும் கீழேதான் ஓடியிருக்கிறது. மிஸிஸ் பார்க்கரோ நான் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிடாமல் இருக்க, தனக்குத் தெரிந்த ஒரு பழத்தின் பெயரோடு சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறார். அக்கா சிரித்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது. “‘மேலை மாங்கோ, மேலை மாங்கோ’ எண்டு மனிசி படியிலை நிண்டு கத்துது தம்பி. பொம்மர் வரேக்கை ஆரும் மாம்பழம் விக்கிறேல்லைத்தானே, அப்பதான் இது லண்டன் எண்டு உறைச்சது.”

அடுத்த வருடத் திட்டத்தில் கொலின் இதை ‘அயலவர் வாய்வழி எச்சரிக்கை முறை’ என்று கௌரவமாக எழுதிக்கொண்டார். எங்கள் உத்தியோகத்தில் உயிர் தப்புவது பிழையான தமிழில், பாராட்டு வாங்குவது சரியான ஆங்கிலத்தில்.