ஈரத் திரைக்குப் பின்னால்

பூக்காரம்மா கூடையை மூடிய ஈரத்துணியை விலக்கினால் போதும், மல்லிகையும் நனைந்த காடாத் துணியும் கலந்து எழும் அந்த வாசம் என்னைப் பேகம்பூர் மைதானத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். அங்கே ஒரு சாயங்காலம் ரஷ்யப் படம் போட்டார்கள். ஆண்கள் திரைக்கு முன்னால், ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் பின்னால். எங்கள் பக்கமும் படம் தெரிய வேண்டுமென்று திரைத்துணியில் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்திருந்தார்கள். எங்கள் பக்கம் படம் இடவலம் மாறித் தெரிந்ததால், எல்லாச் சிப்பாய்களும் இடக்கையால்தான் சல்யூட் அடித்தார்கள். பாஷை யாருக்கும் விளங்கவில்லை.

பக்கத்தில் சாச்சி, அத்தாவின் தம்பி மனைவி. சாச்சா பர்மா சண்டைக்குப் போனவர்; மவுத்தானதாகவும் சேதியில்லை, இருப்பதாகவும் சேதியில்லை. அதனால் ஊர் என்ன பேசினாலும் வருஷக்கணக்காகத் தினமும் தலையில் பூ வைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

கடைசியில் ரயில் வந்தது. சண்டை முடிந்து எல்லோரும் இறங்கினார்கள், படத்துப் பெண்ணின் ஆள் மட்டும் இறங்கவில்லை. கையிலிருந்த பூவை அவள் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

விளக்குப் போட்டதும் சாச்சி தன் பூவை உருவி என் சடையில் செருகினாள்.

"ஒனக்கு வேணாமா சாச்சி?"

"நீ வச்சுக்கம்மா. ஒனக்குத்தான் அம்புட்டு அழகா இருக்கு."

மறுநாள், வழக்கம்போல எங்கள் வாசலுக்கு வந்த அந்நாளைய பூக்காரர், சாச்சியை வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.